பம்பாய்த் தமிழர் வீட்டுக்கு ஃபியட் கார் வந்த வரலாறு

வண்டி வைத்திருப்பவனுக்கு முதலில் வரும் கவலை, வழியில் என்ன உடையும் என்பதுதான். இந்தக் கவலை நம்மவர்களுக்குச் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது. புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஓர் உவமை தேடுகிறார். யானை, புலி, மலை எதையும் அவர் எடுக்கவில்லை. உப்பு வணிகர்களான உமணர்களின் மாட்டு வண்டியிடம் போகிறார். மாடு இளசு, நுகத்தடிக்குப் பழகாதது. பாரமோ அதிகம். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே உமணர்கள் வண்டிக்கு அடியில் உபரியாக ஓர் அச்சு மரத்தைக் கட்டி எடுத்துப் போவார்கள். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். எழினி அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்பது ஔவையின் பாராட்டு.

இன்று லாரிக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை இதையே ‘ஸ்டெப்னி’ என்கிறார்கள். இந்தப் பெயர் வேல்ஸ் நாட்டு லனெல்லி என்ற ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. ஆரம்ப காலக் கார்களை உபரிச் சக்கரம் இல்லாமலேதான் விற்றார்கள். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே மாட்டிக்கொள்ளும்படி காற்றடித்த வளையம் ஒன்றை அந்தத் தெருக்காரர்கள் 1904 வாக்கில் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் பொருளுக்கு ஆகிவிட்டது. இங்கிலாந்துக்காரர்கள் அந்தச் சொல்லைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டார்கள். நாம் விடவில்லை. ‘சேம அச்சு’ போல ஒரு நல்ல சொல் கையில் இருக்க, கடன் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமே என்று தமிழாசிரியர்கள் வருந்தலாம். நான் வியாபாரி. எந்தச் சொல் நடுரோட்டில் உதவுமோ அதுவே எனக்கு நல்ல சொல்.

ஆனால் கார் வாங்கும் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த கவலை, வழியில் அச்சு முறியுமா என்பது அல்ல. வண்டி வீட்டுக்கு வந்து சேருமா என்பதே. என் வயதுக்காரர்களுக்கு இது புரியும். ஷோரூமுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அந்த வாரமே வண்டியோடு வருகிற இன்றைய பிள்ளைகளுக்கு வரலாறு கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பம்பாய்க்குக் கார் வந்தது 1898-இல். அந்த முதல் சில வண்டிகளில் ஒன்று ஜாம்ஷெட்ஜி டாட்டாவுடையது என்பர். பிறகு முப்பது ஆண்டுகள் எல்லாமே கப்பலில் வந்து இறங்கிய வண்டிகள். 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சிவ்ரியில் ஒரு தொழிற்சாலை வைத்தது. அதன் பின்னாலேயே ஃபோர்டும் பம்பாய்க்கு வந்தது. தொழிற்சாலை என்றுதான் பெயர். உதிரிபாகங்கள் மரப்பெட்டிகளில் அந்நிய நாட்டிலிருந்து வரும், இங்கே பூட்டி முடுக்கி விற்பார்கள். இந்தியாவிலேயே கார் செய்ய வேண்டும் என்று முதலில் விடாமல் குரல் கொடுத்தவர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. 1930-களின் நடுவிலேயே இதற்குத் திட்டம் போட்டார். அவரோடு சேர்ந்து அலைந்தவர் வால்சந்த் ஹீராசந்த்.

வால்சந்தைப் பற்றி நாலு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் சோலாப்பூரில் 1882-இல் பிறந்த திகம்பர சமணர். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்த எங்கள் மாதிரித் தமிழ்ச் சமணர்களுக்கு ‘நம்மவர்’ என்ற பெருமை உண்டு. 1919-இல் சிந்தியா கப்பல் கம்பெனி, 1940-இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை, விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம் என்று, வெள்ளைக்காரன் ‘உங்களால் ஆகாது’ என்று சொன்ன ஒவ்வொன்றிலும் கை வைத்தார். அமெரிக்காவுக்கே போய் ஃபோர்டு, கிரைஸ்லர் கம்பெனிகளோடு பேசினார். யுத்தம் நடந்ததால் அன்றைய சர்க்கார் கை கொடுக்கவில்லை. ஆனாலும் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பதிவாகி, 1947-இல் குர்லா தொழிற்சாலையிலிருந்து கிரைஸ்லர் கம்பெனி உரிமத்தில் வண்டிகள் வெளிவந்தன. இத்தாலியின் ஃபியட் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது 1950 வாக்கில். வால்சந்த் 1953-இல் காலமானார். எந்த வண்டியால் அவர் கம்பெனி வீட்டுக்கு வீடு பெயர் பெற்றதோ, அந்த ஃபியட் 1100 அவர் மறைந்த மறு ஆண்டுதான் இங்கே வந்தது. முன்கதவு எதிர்ப்புறமாகத் திறக்கும் அந்த உருண்டை வண்டியைப் பம்பாய்க்காரர்கள் ‘டுக்கர் ஃபியட்’ என்றார்கள். டுக்கர் என்றால் பன்றி. கேலிதான், ஆனால் செல்லக் கேலி.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1953-இல் தீர்வைக் கமிஷன் ஓர் அறிக்கை கொடுத்தது. உள்நாட்டிலேயே பாகங்கள் செய்யும் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டும் இருக்கலாம், வெறுமே பூட்டி விற்பவர்கள் கடையைக் கட்டலாம் என்பது அதன் சாரம். 1954-இல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. காருக்கு மூன்றே கம்பெனிகள் மிஞ்சின. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. லாரியில் டாட்டாவும் (1954 முதல் டெய்ம்லர் பென்ஸ் கூட்டு) அசோக் லேலண்டும் முன்னுக்கு வந்தன. லாரி நாட்டுக்கு வேண்டியது, கார் பணக்காரன் ஆடம்பரம் என்பது அன்றைய டில்லியின் கணக்கு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வேறு. ஆகவே எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், யாருக்கு எந்த வரிசையில் விற்கலாம் என்பதற்கு 1959-இல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை, விலைக்கும் கட்டுப்பாடு. 1970-களின் தொடக்கத்தில்கூட நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 40 ஆயிரம் கார்களுக்குள்தான் உற்பத்தி.

கேட்பவர் அதிகம், பண்டம் குறைவு, விலையோ உயரக் கூடாது. இப்படி இருந்தால் என்ன ஆகும் என்று எந்த மளிகைக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். க்யூ வரும். க்யூவுக்குப் பின்னால் பிரீமியம் வரும்.

அப்பா செம்பூரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்தார். காளபாதேவியில் சரக்கு எடுத்து, ஹாத்காடியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மறுபடி கூலி பிடித்துக் கடைக்கு வர வேண்டும். ஒரு பயணத்துக்கு நாலு டம்ளராவது நெளிந்திருக்கும். 1964-இல் ஃபியட் 1100 டிலைட் வந்தபோது அவர் பெயரைப் பதிவு செய்தார். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் முன்பணம் கட்டி, பாஸ்புத்தகத்தை டீலர் பெயருக்கு ஈடு வைக்க வேண்டும். எனக்கு அப்போது ஐந்து வயது. ‘நம்ம கார் எப்போ வரும்?’ என்று கேட்டால் ‘க்யூவுல இருக்குடா’ என்பார். கார் எங்கேயோ ஒரு வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாகிஸ்தான் யுத்தம் வந்தது, சாஸ்திரிஜி மறைந்தார். அண்ணா முதல்வரானார், அவரும் 1969-இல் மறைந்தார். அதே ஆண்டு மனிதன் நிலாவில் நடந்தான். எங்கள் கார் மட்டும் க்யூவில் இருந்தது. அம்பாஸடர் சீக்கிரம் கிடைக்கும் என்றார்கள். அப்பா கேட்கவில்லை. ஃபியட்தான் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், பம்பாய்ச் சந்துகளில் திரும்பும் என்பது அவர் கட்சி. அது உண்மைதான். இந்த நகரத்து டாக்ஸிக்காரர்களும் அதையேதான் முடிவு செய்தார்கள்.

1972 மே மாதம் அலாட்மெண்ட் கடிதம் வந்தது. கடிதம் வந்த மூன்றாம் நாள் தரகரும் வந்தார். எப்படித் தெரிந்ததோ தெரியாது. வண்டியை நீங்கள் எடுங்கள், பணம் நான் தருகிறேன், பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும், ஒரு பவர் எழுதிக் கொடுத்தால் போதும், உங்களுக்கு மேலே ஐயாயிரம் என்றார். புது வண்டியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதியில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டத்துக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு சந்தும் இருந்தது. ஓடிப் பழசான ஃபியட் புது ஃபியட்டைவிட விலை அதிகம் போன காலம் அது. பொருளைவிடக் காகிதத்துக்கு மதிப்பு.

எங்கள் வீட்டில் அந்த ஐயாயிரம் சும்மா கேட்கிற தொகை இல்லை. அக்காவுக்கு இருபது வயது. ஆரணியில் ஒரு வரன் முக்கால்வாசி முடிந்திருந்தது. அன்றைய தங்க விலையில் அந்தத் தொகைக்கு இருபத்தைந்து பவுனுக்கு மேல் வாங்கலாம். அதோடு, காருக்கென்று சேர்த்து வைத்த பணமும் கையில் மிஞ்சும். அம்மா வெளிப்படையாகவே சொன்னாள், ‘காரு எங்க ஓடிப்போகுது? பொண்ணுக்கு முடிச்சுட்டுப் பாக்கலாம்.’ ஊரிலிருந்து வந்திருந்த மாமாவும் அதையேதான் சொன்னார்.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தரகரிடம் ‘நஹி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அம்மாவிடம் மட்டும், ‘காயிதத்தை விக்கறதுக்கா எட்டு வருஷம் உக்காந்திருந்தோம்?’ என்றார்.

அவர் மனதில் ஓடியது என்ன என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தாருக்கான கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது வழுக்கல்கள், சொல்லப்பட்டிருக்கின்றன. திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அளவுகோலில் ஏய்ப்பது, கலப்படம் செய்வது ஆகிய நான்கும் யாருக்கும் புரியும். மீதி ஒன்றுக்கு ‘விருத்த ராஜ்யாதிக்ரமம்’ என்று பெயர். அரசு நிலைகுலைந்த இடத்திலோ அதன் ஆணையை மீறியோ செய்யும் வியாபாரம் அது. பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தி உரையில், அப்படிப்பட்ட இடத்தில் விலை உயர்ந்த பொருளைக் குறைந்த விலைக்குத் தட்டிக்கொள்ளப் பார்ப்பதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். தட்டுப்பாடும் தரகும் 1959-இல் டில்லியில் பிறந்தவை அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்பாவுக்கு அந்தச் சூத்திரங்கள் மனப்பாடம். பர்யூஷண நாட்களில் கடையை மூடிவிட்டு வாசிப்பார்.

ஆனால் இங்கே வரலாறு எழுதுகிறவன் ஒன்றையும் மறைக்கக் கூடாது. தர்மம் மட்டுமே காரணம் என்றால் அலாட்மெண்டை டீலரிடமே திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவருக்கு அந்தக் கார் வேண்டும் என்ற ஆசை இருந்தது. எட்டு ஆண்டு ஆசை. சூத்திரம் ஒரு பக்கமும் ஆசை ஒரு பக்கமும் ஒரே திசையில் இழுத்தன. எதிர்ப்பக்கத்தில் அக்கா ஒருத்திதான். அவளிடம் கேட்டார், அதை நான் மறுக்கவில்லை. ‘வண்டி வரட்டும்ப்பா’ என்றாள். வேறு என்ன சொல்வாள்? ஆரணி வரன் காத்திருக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் 1974-இல்தான் நடந்தது, வேறு இடத்தில். நல்ல இடம்தான். ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகளை நான் அப்பாவின் கணக்கில் பற்று எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

வண்டி வந்தது. சாம்பல் நிறம். 1089 சி.சி. எஞ்சின். முன்னால் நீட்டு பெஞ்சு மாதிரி ஒரே சீட்டு, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியர் கம்பு ஸ்டீயரிங் அடியில். முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் காற்று நேரே முகத்தில் அடிக்கும், இன்றைய ஏ.சி. அதற்கு ஈடாகாது. அப்பா முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல, சீட்டை. ‘இது தோலா?’ என்றார். ரெக்ஸின் என்று டீலர் ஆள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். நெற்றியில் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்காமல், பாயசம் வைத்துக் கொண்டாடினோம். பழத்தை நசுக்குவதும் பூசணிக்காய் உடைப்பதும் எங்கள் வீட்டில் கிடையாது.

அப்பா கடைசி வரை ஓட்டக் கற்கவில்லை. சித்தப்பா ஓட்டினார், 1977 முதல் நான் ஓட்டினேன். வாரத்தில் ஆறு நாள் அது சரக்கு வண்டி. பின் டிக்கியில் அண்டாக்கள், அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் டம்ளர், இடுக்குகளில் வைக்கோல். ஒரு நெளிசலும் இல்லாமல் கடைக்கு வந்து சேரும் சரக்கைப் பார்த்து அப்பா சிரித்த சிரிப்பு கண்ணிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதுவே குடும்ப வண்டி. அக்கா ஓடிப் போய் முன்சீட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள். நானும் தம்பியும் சண்டைக்குப் போனால், ‘தள்ளிப் போங்கடா, இது என் நகை’ என்பாள். அம்மா வேறு பக்கம் பார்ப்பாள்.

முதல் நெடும்பயணம் நாசிக் அருகே மசரூலில் உள்ள கஜபந்தா க்ஷேத்திரத்துக்கு. கசாரா மலை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. ஓரமாக நிறுத்தி, ஈரத்துணி போட்டு, தகர டப்பாவில் இருந்த தண்ணீரை ஆறின பிறகு ஊற்றினோம். அந்தக் காலத்தில் மலையில் போகிற ஒவ்வொரு வண்டியும் அங்கே நிற்கும், யாரும் வெட்கப்பட மாட்டார்கள். சூரியன் சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால், எங்கள் பயணத்தில் மைல் கணக்கைவிட மணிக் கணக்கே முக்கியம். மலை மேல் சித்த க்ஷேத்திரத்தைத் தரிசித்துவிட்டு வந்தால், அடிவாரத்தில் ஒரு முனிவர் நடந்தே வந்து சேர்ந்திருந்தார். முனிகள் வாகனம் ஏறுவதில்லை. எங்கள் வண்டியைக் காட்டி ‘எத்தனை நேரத்தில் வந்தீர்கள்?’ என்று மட்டும் கேட்டார். அப்பா பதில் சொல்லக் கூச்சப்பட்டார்.

அலாட்மெண்ட் கடிதத்தின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 1973 அக்டோபரில் மேற்காசியாவில் யுத்தம் வந்தது. மூன்று டாலர் சுமாருக்கு விற்ற ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. இங்கே பெட்ரோல் விலை தாவி ஏறியது. கார் கேட்பவர்கள் குறைந்தார்கள், க்யூ கரைந்தது, 1974-இல் பிரீமியம் என்ற பேச்சே அடங்கிவிட்டது. 1972-இல் எல்லோரையும் சுற்றிவந்த தரகர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அப்பா இதை வைத்து ‘பாத்தியா’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவும் விடவில்லை, ‘அன்னைக்கே வித்திருந்தா நல்ல விலை’ என்றாள். இரண்டு பேருமே சரி. கணக்குப் பார்க்கும் கோணம்தான் வேறு.

ஃபியட்டோடு இருந்த உரிம ஒப்பந்தம் 1972-இல் முடிந்ததால், அதே வண்டி பிரீமியர் பிரெசிடெண்ட் என்று பெயர் மாறி, பிறகு சித்தூர் ராணி பெயரில் பத்மினி ஆயிற்று. உடம்பு அதே, எஞ்சின் அதே. போட்டியில்லாத சந்தையில் மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. குறை சொல்கிறேன் என்றாலும், இதில் நமக்கும் ஒரு லாபம் இருந்தது. 1954 வண்டிக்கு வேலை கற்ற மெக்கானிக் 1994 வண்டிக்கும் வேலை செய்தார். குர்லாவிலும் ஓப்பரா ஹவுஸ் பக்கத்திலும் எந்தப் பாகமும் கிடைக்கும். கார்புரேட்டர் சுத்தம் செய்யவும், பாயிண்ட்டைத் தேய்த்து வைக்கவும் எனக்கே தெரியும். இன்றைய வண்டியின் பானெட்டைத் திறந்தால் வாஷர் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

1983 டிசம்பர் 14-இல் இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியைக் கொடுத்தார். எனக்கும் ஆசை வந்தது. அப்பா தம் நோட்டைக் காட்டினார். மிகுபொருள் விரும்பாமை விரதம் எடுத்தவர்கள் தங்கள் உடைமைக்கு ஓர் எல்லை எழுதி வைப்பார்கள். நிலம், வீடு, பொன் என்ற வரிசையில் 1972-இல் ‘வாகனம் ஒன்று’ என்று சேர்த்திருந்தார். ‘ஒண்ணு வரணும்னா ஒண்ணு போகணும்’ என்றார். போக விட எனக்கு மனமில்லை. ஆக, 1993-இல் கார் உற்பத்திக்கு லைசென்ஸே வேண்டாம் என்று சர்க்கார் சொல்லும் வரைக்கும் லைசென்ஸ் காலத்து வண்டியையே ஓட்டினோம். அந்த ஆண்டு அப்பா காலமானார். இரண்டு ஆண்டு கழித்து, அடித்தட்டெல்லாம் கடல் காற்றில் துருப்பிடித்துப் போன நிலையில், குர்லா வியாபாரி ஒருவருக்குக் கொடுத்தேன். அலாட்மெண்ட் கடிதத்தைக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது அதற்கு என்ன மதிப்பு?

பிரீமியர் தொழிற்சாலை இருந்த குர்லா நிலத்தில் பின்னர் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29-இல் பதிவானது. டாக்ஸிக்கு இருபது ஆண்டு என்பது இங்கே வரம்பு என்பதால் 2023 அக்டோபர் 30 முதல் அதுவும் சாலையில் இல்லை. பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்த அன்று ஆரணியிலிருந்து அக்கா போன் செய்தாள்.

‘நம்ம வண்டிதானேடா அது?’

‘இல்லக்கா, நம்மது டிலைட். இது பத்மினி. லைசென்ஸ் முடிஞ்ச பிறகு…’ என்று விளக்க ஆரம்பித்தேன்.

‘போடா, ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்லிவிட்டு, முன்சீட்டு இன்னும் அந்த நீட்டு பெஞ்சுதானா என்று கேட்டாள்.